கத்தரிக்காய் மெட்டீரியல்

என் வீட்டுக்காரருக்குப் பாத்திரத்தைப் பளபளப்பாக்குவதுதான் உத்தியோகம். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் ஐயோ பாவம் என்று என்னைப் பார்க்கிறார்கள். அதனால் முழுக்கவே சொல்லிவிடுகிறேன். பெங்களூர் பீன்யாவில் ஒரு குக்கர் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இன்னும் தயாராகாத குக்கர்களுக்கு எவர்சில்வர் பூசுகிறார். என்ஜினீயர்கள் வரைந்து அனுப்பும் மாடல் சாம்பல் நிறத்தில் மொழுக்கென்று இருக்கும். அதன் உடம்புக்கு எவர்சில்வர், கைப்பிடிக்கு பேக்லைட், வளையத்துக்கு ரப்பர் என்று ஒவ்வொரு தோலாக எடுத்துப் போர்த்தி, நிஜக் குக்கரைப் படம் பிடித்தது போல ஆக்கித் தருவது இவர் பொறுப்பு. அந்தத் தோலுக்கு மெட்டீரியல் என்று பெயர். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஒரு தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தவர் இல்லை. ஆபீசில் மூடியின் விளிம்பில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று நாள் முழுக்க யோசிப்பார்.

நான் யஷ்வந்த்பூரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருக்கிறேன். அடிபட்ட கார்களின் படங்கள் எனக்கு வரும். பள்ளம் நேற்று விழுந்ததா, போன வருஷத்துப் பள்ளத்துக்கு இந்த வருஷம் காசு கேட்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லாததை இருப்பது போலக் காட்டி அவர் சம்பளம் வாங்குகிறார். இருப்பதாகச் சொல்வதை நம்பாமல் நான் சம்பளம் வாங்குகிறேன். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதே பெரிய விஷயம்.

அவர் பெயர் முனிகிருஷ்ணன். பிறந்து வளர்ந்தது இதே பெங்களூரின் நீலசந்திரா. அங்கே எல்லோருக்கும் முனி. ஆபீசில் கிரிஷ். இப்போது குடியிருக்கும் வீட்டின் ஓனரிடம் கிருஷ்ணன் என்று சொல்லி வைத்திருக்கிறோம். பெயரின் முன்பாதியை வெட்டியது ஏன் என்று கேட்டால், வீடு தேடிப் பாருங்கள், உங்களுக்கே புரியும். பீன்யாவுக்கும் யஷ்வந்த்பூருக்கும் நடுவில் எந்த வீட்டுக்குப் போன் போட்டாலும் எடுத்ததும் முதல் கேள்வி, "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னோம். "சாரி, வீடு நேத்தே போயிடுச்சு" என்பார்கள். அதே வீட்டு வாசலில் 'டு லெட்' பலகை மாதக்கணக்கில் தொங்கும். கடைசியில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, "நாங்க ப்யூர் வெஜ் சார்" என்றார். பக்கத்தில் நின்று நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். சாவி கைக்கு வந்தது.

அதற்கு முன்னால் நீலசந்திராவில் மாமியார் வீட்டில் இருந்தோம். ஒரு சமையலறையில் மாமியார், ஓரகத்தி, நான் என்று மூன்று பேர். உப்பு டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பதிலேயே மூன்று கட்சி. அங்கிருந்து பீன்யாவுக்குப் பஸ்ஸில் போய் வந்தால் வாழ்க்கையில் பாதி சிக்னலில் போய்விடும். இந்த வீட்டில்தான் எனக்கென்று ஓர் அடுப்படி கிடைத்தது. சின்னதுதான், இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆனால் உப்பு டப்பா நான் வைத்த இடத்தில் இருக்கும். அந்த அடுப்படிக்காக நான் எந்தப் பொய்யையும் சொல்லத் தயாராக இருந்தேன், சொல்லவும் செய்தேன்.

பொய் சொல்வது சுலபம், மீன் வறுப்பதுதான் கஷ்டம். சனிக்கிழமை யஷ்வந்த்பூரில் மீன் வாங்கி, மேலே கொத்தமல்லிக் கட்டைப் பரப்பி, கீரை வாங்கி வருகிறவள் போல வருவேன். ஞாயிற்றுக்கிழமை வறுக்கும்போது ஜன்னலைச் சாத்தி, பக்கத்து அடுப்பில் காபித்தூளைக் கொதிக்க விடுவேன். அது முடிந்ததும் சாம்பிராணி. அந்தப் புகையில் கண் எரிய உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடுவோம். முள்ளையும் தலையையும் எங்கள் குடியிருப்பின், அதாவது லேஅவுட்டின், குப்பையில் போட முடியாது. பிரித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, திங்கட்கிழமை காலையில் கவரில் சுற்றி, ஆபீஸ் பையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுபோய், பஸ் ஸ்டாண்டு ஓரம் நாய்களுக்குப் போட்டுவிட்டுத்தான் ஆபீசுக்குள் நுழைவேன். அங்கே ஒரு செவலை நாய்க்குத் திங்கட்கிழமை எது என்று தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனி புது மாடல் குக்கர் ஒன்றைக் கொண்டுவந்தது. குக்கர் ஃபேக்டரியிலிருந்து வெளியே வருவதற்கு முன்னால் படம் வெளியே வர வேண்டும். இவர் ராப்பகலாக எவர்சில்வர் பூசிக் கொண்டுபோய்க் காட்டினால், மார்க்கெட்டிங் தலைவர் பரத் தள்ளிவிட்டார். பரத் பம்பாயில் படித்தவர். தாடியை ரூலர் வைத்து வெட்டியிருப்பார் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"ஆஸ்பத்திரி பாத்திரம் மாதிரி இருக்கு கிரிஷ். நம்ம வீட்டு ஃபீல் எங்க? எனக்கு ரியல் வேணும், ரியல்!"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தோசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இவர் எனக்கு விளக்கினார். எவர்சில்வருக்குச் சொந்தமாக நிறம் கிடையாதாம். சுற்றி என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டுமாம். கம்ப்யூட்டருக்குள் சுற்றி ஒன்றும் இல்லை என்பதால், ஏதாவது ஓர் அறையின் படத்தைக் குக்கரைச் சுற்றிக் கூடாரம் போலக் கட்ட வேண்டுமாம். சாஃப்ட்வேரோடு இலவசமாக வந்த அறைகள் எல்லாம் வெளிநாட்டு அறைகள். லேப்டாப்பில் காட்டினார். இவருடைய குக்கரின் வயிற்றில் ஆள் உயர ஜன்னல் ஒன்று தெரிந்தது. அதற்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

"பனியில எவன் பருப்பு வேக வெப்பான்?" என்றேன்.

"அதான் மகா, நம்ம கிச்சனையே எடுத்துடலாம்னு பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆபீசிலிருந்து ஒரு கேமரா வந்தது. ஒரே சொடுக்கில் சுற்றி எல்லாப் பக்கத்தையும் எடுக்குமாம். குக்கர் உட்காரும் இடத்தில் அது உட்கார வேண்டும் என்று, எரியாத பர்னர் மேல் அரிசி டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். நான் பக்கத்து பர்னரில் மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் பங்குடா என்று சொல்வார்கள், நம் ஊர்க் கானாங்கெளுத்தி. நாலு மீன் தவாவில், மீதி மசாலா தடவித் தட்டில் தலையோடு படுத்திருந்தது.

"இருங்க, மேடையைத் துடைச்சிடறேன்."

"தொடாத! அந்த எண்ணெய்க் கறைதான் ரியல்."

"நான் நைட்டில இருக்கேங்க."

"யாருக்கும் தெரியாது மகா. குக்கர் வயித்துல எல்லாம் வளைஞ்சுதான் விழும். நீ சும்மா ஒரு கலர், அவ்வளவுதான்."

நான் கரண்டியோடு திரும்பிப் பார்த்து, "கலரா?" என்று கேட்ட நொடியில் கேமரா சொடுக்கிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். பிரமாதமாக வந்திருந்தது; அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதே குக்கர், அதே எவர்சில்வர். ஆனால் இப்போது கையில் தூக்கினால் கனக்கும் போல இருந்தது. வயிற்றில் மஞ்சளாக எங்கள் டியூப் லைட், சாத்தின ஜன்னல், ஓனர் ஆசை ஆசையாக ஒட்டிவைத்த திராட்சைக்கொத்து டைல்ஸ், நடுவில் கரண்டியும் கையுமாக நான். என் முகம் விரல் நகம் அளவுதான் இருந்தது, ஆனாலும் கோபம் தெரிந்தது. மீன் தட்டு இருந்த இடத்தில் ஏதோ செம்மண் திட்டு மாதிரி ஒன்று. எங்களுக்கு உறைக்கவே இல்லை. இந்த வீட்டில் நாங்கள் ஒளித்து வைத்ததெல்லாம் வாசனையைத்தான். படத்துக்கு வாசனை கிடையாது என்பதால் பயமே வரவில்லை.

பரத் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினாராம். "இதான் இந்தியா!" என்றாராம். பிறகு படத்தைப் பெரிதாக்கி, "இந்த லேடி யாரு, மாடலா?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"சாஃப்ட்வேர் லைப்ரரில ரெடிமேடா இருந்துச்சு சார்னு சொன்னேன்."

"லைப்ரரிலயா? பொண்டாட்டின்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"நைட்டில இருக்கியே மகா, எப்படிச் சொல்றது?"

அன்றைக்கு அவருக்குத் தோசை மட்டும் கொடுத்தேன், சட்னி கொடுக்கவில்லை.

விளம்பரம் எங்கே வரும் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு காலையில் ஆபீசுக்குக் கிளம்பி லேஅவுட் பஸ் ஸ்டாப்புக்குப் போனால், நிழற்குடையின் பக்கவாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு ஆள் உயரத்துக்குக் குக்கர் நிற்கிறது. அதன் வயிற்றில் என் அடுப்படி. என் முகம் இப்போது தோசைக்கல் அளவுக்கு இருந்தது. ஒரு நிமிஷம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாளைத் தட்டி, அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். தட்டில் வரிசையாக மீன். முன்னால் படுத்திருந்ததன் கண், திறந்தபடி, நேராக லேஅவுட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் பார்த்த கார்களில் எந்தப் பள்ளம் நிஜம், எது பொய் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எல்லாவற்றுக்கும் ஓகே போட்டேன்.

சாயங்காலம் ஓனர் ரங்கநாதன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ரிடையர்டு அதிகாரி. மூன்று தலைமுறையாக பெங்களூர்த் தமிழர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கையில் போன், அதில் பஸ் ஸ்டாப் குக்கர்.

"கிருஷ்ணன், இது நம்ம வீடுதானே?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இந்த டைல்ஸ் நான் தேடித் தேடி வாங்கி ஒட்டினது. லேஅவுட்ல வேற யாரு வீட்லயும் இல்ல. பாத்த உடனே தெரிஞ்சுது." படத்தை விரலால் விரித்தார். "இதுக்குக் கண்ணு வேற இருக்கு."

"சார், அது வந்து..." என்று நான் ஆரம்பித்தேன். அழுகை வந்துவிட்டது. வீடு போயிற்று, அடுப்படி போயிற்று, மறுபடியும் மூன்று கட்சி உப்பு டப்பா என்று கண் முன்னால் ஓடியது. "அன்னைக்கு ஒரே ஒரு நாள்தான் சார், யாரோ குடுத்தாங்க..."

"ஏம்மா, எனக்கு மூக்கு இல்லன்னு நெனச்சியா?" என்றார் ரங்கநாதன். "நீங்க வந்த மொத ஞாயித்துக்கிழமையே தெரியும். காபித்தூள் கொதிக்க வெச்சா மீன் வாசனை போயிடுமா? காபி போட்ட மீன் வாசனைதான் வரும்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "அப்புறம் ஏன் சார் ஒண்ணும் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? வாடகை டைமுக்கு வருது, சத்தம் கித்தம் கெடையாது. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன். வாசனை காத்தோட போயிடும்மா. இது போஸ்டர். நம்ம லேஅவுட் அசோசியேஷன் தலைவர் தெனமும் வாக்கிங் முடிச்சு அந்த ஸ்டாப்லதான் உக்கார்றாரு. இது என் வீடுன்னு அவர் கண்டுபிடிச்சா, உங்கள நான் காலி பண்ணச் சொல்லியே ஆகணும். எனக்கு வேற வழி கெடையாது."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை கண் எரியச் சாப்பிட்டிருக்கிறேன்! எத்தனை திங்கட்கிழமை மீன் தலையைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறேன்! எல்லாம் தெரிந்தும் மனிதர் மேலே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் அன்றே வந்து திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

"மாத்திடலாம் சார்," என்றார் என் வீட்டுக்காரர் உற்சாகமாக. "மீனை எடுத்துட்டு வேற எதுனா வெச்சிடறேன். கத்தரிக்காய் வெக்கட்டுமா?"

"கத்தரிக்காய் ஒள்ளேயது, அதான் நல்லது. டைல்ஸ் இருக்கட்டும், நல்லா விழுந்திருக்கு. மீன் வேணாம்." கொஞ்சம் தயங்கினார். "இவங்களும் வேணாம்."

"நான் எதுக்கு சார் வேணாம்?" என்றேன்.

"உங்களப் பாத்தா தெரிஞ்சிடும்லம்மா."

"என்ன தெரிஞ்சிடும்?"

"யார் வீடுன்னு," என்று சொல்லிவிட்டு, டைல்ஸைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்.

இவர் பரத்திடம் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே ஆபீசுக்குப் போனார். பயமே தேவைப்படவில்லை. பரத்துக்கும் அதற்குள் யாரோ படத்தை அனுப்பி மீனைக் காட்டியிருந்தார்கள். "கணேஷ ஹப்பா வருது, பண்டிகை நேரத்துல குக்கர்ல மீனா?" என்று குதித்தாராம். போன வாரம் இதான் இந்தியா என்றவர் அவரேதான்.

எடுத்த படத்தில் மீனை மட்டும் அழித்தால் அசிங்கமாகத் தெரியும் என்று, என் வீட்டுக்காரர் எங்கள் அடுப்படியையே கம்ப்யூட்டரில் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார். டேப் வைத்து மேடையை அளந்தார். சுவருக்கு டிஸ்டெம்பர் மெட்டீரியல், மேடைக்கு கிரானைட் மெட்டீரியல், ஜன்னல் கம்பிக்குத் துரு. குனிந்து, நிமிர்ந்து, டார்ச் அடித்து அடுப்புக்குப் பின்னால் இருந்த கறையைப் படம் எடுத்தார்.

"மகா, இந்த மஞ்சக் கறை எப்படி வந்துச்சு?"

"மஞ்சளாலதான் வந்துச்சு. நீங்க என்னைக்காவது தொடச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அந்த அடுப்படியை அவர் அப்படி உற்றுப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. மீன் விஷயத்தில் மட்டும் சோம்பல் பட்டுவிட்டார். படத்தைப் பார்த்து அடுப்படியைக் கட்டும்போது, பழக்கதோஷத்தில் மீனின் வடிவத்தையும் செய்து வைத்திருந்தார். மறுபடி கத்தரிக்காயைச் செய்வானேன் என்று, அதே மீனின் மேல் கத்தரிக்காய்த் தோலைப் போர்த்திவிட்டார். ஊதா நிறத்தில், வழவழவென்று, வாலோடு நாலு கத்தரிக்காய்.

"இதுக்கு வால் இருக்கு," என்றேன்.

"பச்சைக் கலர் குடுத்துட்டேன். காம்புன்னு நெனச்சுக்குவாங்க."

அடுத்தது நான். என் இடத்தில் லைப்ரரியிலிருந்து ஒரு பெண்ணை எடுத்து நிற்க வைத்தார். இந்தத் தடவை நிஜமாகவே லைப்ரரியிலிருந்து. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. தோலுக்கும் மெட்டீரியல் உண்டாம், வரிசையாக நம்பர் போட்டு. முதலில் என் நிறத்தைத்தான் கொடுத்தாராம். எனக்காகக் கொடுத்தேன் என்று சொன்னார், நம்பினேன். பரத் பார்த்துவிட்டு, "லைட்டிங் டல்லா இருக்கு" என்றாராம். இவர் இன்னொரு விளக்குப் போட்டார். டைல்ஸ் பளீரென்று ஆனது. "டைல்ஸ் ஓகே. அந்த லேடி மேல மட்டும் லைட் பத்தல." இன்னொரு விளக்கு. அப்பவும் பத்தவில்லை. பரத் வாயால் வேறு எதையும் சொல்லவில்லை. இவராகவே புரிந்துகொண்டு, தோலின் நம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனாராம். கோதுமை மாவு நிறத்துக்கு வந்ததும், "ஆங், இப்ப லைட்டிங் சூப்பர்!" என்றாராம் பரத்.

"என்னை எடுத்துட்டீங்க," என்றேன்.

"போஸ்டர்லேருந்துதானே மகா. வீடு நிக்குதுல்ல? இல்லன்னா திரும்ப நீலசந்திரா போறியா, அம்மாகூட?"

எனக்கும் வீடு வேண்டும்தான்.

பஸ் ஸ்டாப்பில் புதுப் படம் வந்தது. நான் போய் நின்று நிதானமாகப் பார்த்தேன். பொய்ப் படத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். இதில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. என் மேடை, என் ஜன்னல், நான் தேய்த்துத் தேய்த்தும் போகாத என் மஞ்சள் கறை. நடுவில் யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டு வாலுள்ள கத்தரிக்காய் வதக்குகிறாள். அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். உயிரில்லாத பொம்மை என்று தெரியும். ஆனாலும் என் அடுப்படியில் என்னைவிட அவள் பொருத்தமாக இருந்தாள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ரங்கநாதனுக்குப் பரம திருப்தி. படத்தைப் போனில் பிடித்து அசோசியேஷன் குரூப்பில் போட்டு, 'எங்கள் வீட்டுக் கிச்சன், எங்கள் டைல்ஸ்' என்று எழுதினார். கை கூப்புகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினேன். காபித்தூள் வைக்கவில்லை, சாம்பிராணி போடவில்லை. மேலே இருக்கிறவருக்குத் தெரிந்த விஷயத்துக்கு நான் எதற்குக் கண் எரிய வேண்டும்? தவாவில் நாலைப் போட்டதும் வாசனை திமுதிமுவென்று வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் வாசலில் மணி அடித்தது. என் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். ரங்கநாதனும், வாக்கிங் உடையில் இன்னொருவரும் நின்றார்கள். அவர்தான் அசோசியேஷன் தலைவர்.

"ஏனு சார் இது?" என்றார் தலைவர் மூக்கைச் சுருக்கி. "ரோடு வரைக்கும் வருது. மீன் வாசனைதானே?"

ரங்கநாதன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"சே சே, நம்ம வீட்டுலயா? குரூப்ல போட்டேனே, நீங்க பாக்கலையா? பாருங்க, இவங்க கிச்சன்தான். கத்தரிக்காய்."

தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து மீன் வாசனை அவர் மீசையைத் தடவிக்கொண்டு போயிற்று. தவா சொய்யென்று சத்தம் போட்டது.

"கத்தரிக்காய்க்கு என்ன இது, வால் மாதிரி?"

"காம்பு சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஓ, காம்பு. ஆமா, கத்தரிக்காய்தான்." தலைவரின் மூக்கு விரிந்து சுருங்கியது. ஆனால் கண் ஒத்துக்கொண்டது. "அப்ப பக்கத்து ரோட்டுலேருந்து வருதோ என்னமோ." படத்தில் இருந்தவளைத் தொட்டார். "இவங்கதான் வீட்டம்மாவா? லட்சணமா இருக்காங்க."

"ஆமா," என்றார் ரங்கநாதன்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் கரண்டியோடு ஹாலுக்கு வந்தேன். முந்தானையில் மசாலா, முகமெல்லாம் வேர்வை. தலைவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்ப இவங்க யாரு?"

ரங்கநாதன் ஒரு நொடிதான் யோசித்தார். "வேலைக்கு வர்றவங்க," என்றார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சொல்வார் என்று நினைத்தேன். நைட்டியில்கூட இல்லை இன்றைக்கு, புடவைதான் கட்டியிருந்தேன். முனி, ஒரு வார்த்தை, பொண்டாட்டி என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றார்.

எல்லாம் முடிந்துவிட்டது. தலைவர் திரும்பிப் போகக் காலை எடுத்துவிட்டார். ரங்கநாதன் எனக்கு மட்டும் தெரியும்படி, பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வீடு எங்களுக்கு நின்றுவிடும். நான் வைத்த இடத்தில் உப்பு டப்பா இருக்கும், ஞாயிற்றுக்கிழமை தோறும் தைரியமாக வறுக்கலாம். அது போய்விடும் என்று நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன்.

"ஆமா சார், வேலைக்குத்தான் வரேன்," என்றேன். "ஞாயித்துக்கிழமை மட்டும். அய்யாவுக்கு மீன் வறுத்துக் குடுக்க."

தவாவில் மீன் தீய்கிற வாசனை வந்தது. மூன்று பேரையும் வாசலிலேயே விட்டுவிட்டு, அதைத் திருப்பிப் போட உள்ளே போனேன்.